'மோ தாவ் சூ ஷி': நாவலையும் ஒலி நாடகத்தையும் அறிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஒரே கதை இணைய நாவல், படக்கதை, அனிமேஷன், தொலைக்காட்சித் தொடர் என ஒவ்வொரு வடிவத்துக்கும் போகும்போது எப்படி மாறுகிறது என்று முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். எடுத்துக்கொண்டது 'மோ தாவ் சூ ஷி'. 2015இல் ஜின்ஜியாங் என்ற சீன இணைய நாவல் தளத்தில் தொடராக வரத் தொடங்கிய நாவல் இது. 2018இல் அனிமேஷனாகவும், 2019இல் 'தி அன்டேம்ட்' என்ற 50 பகுதித் தொடராகவும் வந்தது.

நாவலில் நாயகன் வெய் வூஷியன் இறந்து 13 ஆண்டுகள் கழித்து இன்னொருவன் உடலில் எழுகிறான். தொடரில் அது 16 ஆண்டுகள், முகமும் அவனுடையதேதான். நாவல் கடந்த காலத்தை இடையிடையே சொல்லும். தொடரோ இரண்டு பகுதிகள் முடிந்ததும் பழைய கதைக்குள் போய் முப்பது பகுதிகளுக்கு மேல் அங்கேயே இருக்கிறது. வெய் வூஷியன், லான் வாங்ஜி என்ற இரு ஆண்களின் காதல், தணிக்கையால் திரையில் நட்பாகிவிட்டது. ஆனாலும் லான் வாங்ஜியின் பார்வையிலும் அவன் யாழிசையிலும் அந்தக் காதல் மிச்சமிருக்கிறது. என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்ததே அதுதான்.

சரி, நான் சிக்கியிருக்கும் இடம் இது. எனக்குச் சீனம் தெரியாது. சீன ஒலி நாடகத்தைக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதில் காட்சிகள் நாவலின் வரிசையிலேயே வருகின்றனவா? காதலை எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறார்கள்?

அப்புறம், தவப் பயிற்சியால் சாகாநிலை தேடுபவர்களைப் பற்றிய சீன மிகைபுனைவான 'ஷியன்ஷியா' என்ற கதை வகைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'சித்தர் கதை' என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அடுத்த வாரம் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு வரி பதில்கூடப் போதும்.