சக்கைக்கு ஒரு நியாயம், மண்ணெண்ணெய்க்கு ஒரு நியாயமா?

ரோஸ் ஹில் வாசகர்:
வணக்கம். நம் மொரீசியசில் பெல்வியூ சர்க்கரை ஆலையை ஒட்டிய மின் நிலையத்தில் ஈரம் வடியாத கரும்புச் சக்கையை எரிக்கிறார்கள். ஃபோர்ட் ஜார்ஜ் மின் நிலையத்தின் டீசல் எந்திரங்களுக்குத் தார் போன்ற கன எண்ணெய். நிக்கோலே மின் நிலையத்தின் வாயு டர்பைன்களுக்கு (எரிந்த வாயுவே நேராகத் தகடுகளைச் சுழற்றும் எந்திரங்களுக்கு) மட்டும் மண்ணெண்ணெய். அங்கும் கன எண்ணெயையே ஊற்றினால் செலவு குறையாதா?

கப்பல் எந்திர அறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன்:
ஐயா, எரிந்த புகை எந்திரத்தின் எந்த உறுப்பை, எவ்வளவு நேரம் தொடுகிறது என்பதுதான் கேள்வி. சக்கை எரியும் இடத்தில் டர்பைனைச் சுழற்றுவது கொதிகலனின் நீராவி; அதனால் அந்த டர்பைனைப் புகை தொடுவதே இல்லை. சாம்பல் கொதிகலனோடு நின்றுவிடுகிறது. டீசல் எந்திரத்தின் உருளைக்குள் ஒவ்வொரு சுற்றிலும் தீ கணநேரமே இருந்து, புதுக் காற்றுக்கு இடம் விடுகிறது. வாயு டர்பைனின் முதல் வரிசைத் தகடுகளோ 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வாயுவில் இடைவிடாமல் நிற்கின்றன. கன எண்ணெயில் உள்ள வனேடியம், சோடியம் என்னும் உலோகங்கள் எரிந்து உருவாகும் உப்புகள் ஏறத்தாழ 600 டிகிரியிலேயே உருகி, தகட்டைக் காக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும். இதனாலேயே டர்பைன் எரிபொருளில் வனேடியம் பொதுவாகப் பத்து லட்சத்தில் அரைப் பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். கன எண்ணெயிலோ அது நூறு பங்கைக் கடப்பதுண்டு. மக்னீசியம் கலந்து சமாளிப்பவர்கள் உண்டு, ஆனால் தகடுகளில் படியும் சாம்பலைக் கழுவ அடிக்கடி நிறுத்த வேண்டும்.

டீசல் எந்திரம் எதையும் குடிக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கன எண்ணெயைச் சுமார் 98 டிகிரிக்குச் சூடாக்கிச் சுழல்பிரிப்பானில் நீரையும் மணலையும் பிரித்து, பிறகு 130 டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் எரிபொருளைத் தெளிக்கும் ஊசித்துளையில் சிதறும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் அலுமினியம், சிலிக்கான் துகள்கள் தப்பிவிட்டால் பிஸ்டன் வளையங்களை அரைத்துவிடும். இதை நான் என் கையால் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஆலைக் கொதிகலன் பணியாளர்:
சக்கையையும் அவ்வளவு இளக்காரமாக எண்ண வேண்டாம். ஏறக்குறைய பாதி ஈரம் என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் ஏறினால் அடுப்பின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். மழைக்குப் பின் வெட்டிய கரும்போடு வரும் மண், கொதிகலன் குழாய்களைத் தேய்ந்துபோகச் செய்யும்.

ரோஸ் ஹில் வாசகர்:
அப்படியானால் இவ்வளவு செல்லம் கேட்கும் வாயு டர்பைனை ஏன் வைத்திருக்க வேண்டும்?

கப்பல் எந்திர அறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன்:
கொதிகலன் சூடேற மணிக்கணக்காகும். வாயு டர்பைன் சில நிமிடங்களில் மின்சுமையை ஏற்கும். மாலை நேர உச்சத் தேவைக்கும், பெரிய எந்திரம் ஒன்று திடீரென நின்றுபோகும் வேளைக்கும் அதுதான் கைகொடுக்கிறது. ஆண்டில் குறைந்த நேரமே ஓடுவதற்கு மண்ணெண்ணெயின் விலை, தகடுகளை மாற்றும் செலவைவிடக் குறைவு.