முன்பள்ளிக்கு மானியம் எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். திருகோணமலை பாலையூற்றில் 23 பிள்ளைகளோடு ஒரு முன்பள்ளியும், பின்னேரம் வரை பராமரிப்பும் நடத்துகிறோம். இந்த வருடம் இரண்டு டீச்சர்மார் விலகிவிட்டார்கள். குறை சொல்ல முடியாது, டவுனில் புடவைக்கடையில் நின்றாலே இதைவிடக் கூடக் கிடைக்கிறது. மூன்று வயதுக்காரி ஒருத்தி இன்னும் காலையில் கேற்றடியில் நின்று பழைய டீச்சரைத்தான் தேடுகிறாள்.

2015இல் உலக வங்கி 5 கோடி டொலர் அனுமதித்த முன்பிள்ளைப்பருவத் திட்டம் போல எதுவும் இப்போது திறந்திருக்கிறதா? கட்டடம், ஊஞ்சல் எல்லாம் சரி, எங்களுக்கு ஆள்தான் அவசரம். சம்பளத்துக்கோ டிப்ளோமா படிப்புக்கோ செலவழிக்க விடுகிற மானியம் இருந்தால் சொல்லுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகுமுன், பதிவுச் சான்றிதழும் கணக்கறிக்கையும் தவிர வேறென்ன கேட்பார்கள்? விண்ணப்பம் எழுதிப் பழகியவர்கள் ஒரு மாதிரி அனுப்பினால் பெரிய உதவி.