புதிய ஓ.டி.ஜி. அடுப்பில் தூத்துக்குடி மக்ரூன் ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: முத்துநகர் மகள்

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த நான், திருமணத்திற்குப் பின் தாம்பரத்தில் வசித்து வருகிறேன். சென்ற மாதம் எங்கள் வீட்டிற்கு 28 லிட்டர் கொள்ளளவுள்ள ஓ.டி.ஜி. என்னும் மின் அடுப்பு ஒன்று வாங்கினோம். 1600 வாட், சூடேற்றும் கம்பி மேலே இரண்டு, கீழே இரண்டு, 60 நிமிடம் வரை திருப்பக்கூடிய டைமர் என்று பலர் வீட்டிலும் இருக்கும் சாதாரண வகைதான். பிள்ளைகளுக்குக் கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுக்கலாம் என்பது ஒரு காரணம் என்றாலும், உண்மையில் நான் அதை வாங்கியது எங்கள் ஊர் இனிப்பான மக்ரூனுக்காக. என்னுடன் இருக்கும் அம்மாவுக்கு 74 வயதாகிறது. இரண்டு ஆண்டுகளாக அவர்களால் ஊருக்குப் போய்வர முடியவில்லை. யாராவது ஊரிலிருந்து வாங்கி வந்தாலும், முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் குலுங்கி வந்து சேர்வதற்குள் பாதி நொறுங்கிவிடுகிறது. பெட்டியின் அடியில் கிடந்த தூளை அம்மா கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டதைப் பார்த்த அன்றுதான், இதை வீட்டிலேயே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இதுவரை மூன்று முறை செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மூன்று முட்டையின் வெள்ளைக் கரு, 150 கிராம் சர்க்கரை, 150 கிராம் முந்திரித் தூள் என்பதே அளவு. முதல் முறை 150 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். மேலே பழுப்பாகி, உள்ளே பிசின்போல் ஒட்டியது. இரண்டாம் முறை 120 டிகிரியில் 45 நிமிடம் வைத்தும், வெடித்து, பால் குறைந்த தேநீரின் நிறத்தில் வந்தது. அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நிறம் ஏறிட்டா அது மக்ரூன் இல்லம்மா, பிஸ்கோத்து” என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாம் முறை அடுப்பு வரைக்கும்கூடப் போகவில்லை. முந்திரித் தூளைச் சேர்த்தவுடன் நுரை அடங்கி, தோசை மாவுபோல் ஓடிவிட்டது.

எந்தச் சூட்டில், எந்தக் கம்பியில், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், நுரை ஏன் அடங்கியது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். இன்னொன்று: பிளக் சற்றுச் சூடாகிறது. அது இயல்பானதுதானா?

பதில் 1: விறகடுப்புக்காரர் மகன்

சகோதரிக்கு வணக்கம். என் தந்தை தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடுப்பு வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறை நாள்களில் அங்கேயே கிடந்து வளர்ந்தவன் என்பதால், நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

நீங்கள் மக்ரூனை வேகவைக்க முயல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மக்ரூன் வேகும் பண்டமன்று, உலரும் பண்டம். விறகடுப்பில் முதலில் விறகை எரித்து, செங்கல் நன்றாகச் சூடேறியதும் கங்குகளை வாரி வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த முதல் சூட்டில் ரொட்டியும் பன்னும் போகும். சூடு இறங்க இறங்க அதற்கேற்ற சரக்குகள் போகும். எல்லாம் முடிந்து, அடுப்பு ஓய்ந்து கிடக்கும்போதுதான் மக்ரூன் தட்டுகள் உள்ளே போகும். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டு, விடியற்காலையில் வந்து எடுப்பார்கள். அந்த நேரம் முழுவதும் அடுப்பின் சூடு குறைந்துகொண்டேதான் இருக்கும். ஒரு கணமும் ஏறாது. மக்ரூன் வெள்ளையாகவே இருந்து, வாயில் போட்டதும் கரைவதற்குக் காரணம் அதுதான்.

சூடு குறைந்துகொண்டே போகும் அந்த அடுப்பைத்தான் உங்கள் ஓ.டி.ஜி.யில் நீங்கள் உண்டாக்க வேண்டும். 100 முதல் 110 டிகிரிக்குள் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பிறகு நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் உள்ளேயே விட்டுவிடுங்கள். உங்கள் டைமர் 60 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால் இடையில் ஒருமுறை திருப்பிவிட மறக்க வேண்டாம்.

முந்திரி விஷயத்தில் ஒரு சொல். முழுப் பருப்பு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். பேக்கரியில் பயன்படுத்தியது உடைந்த பருப்பைத்தான். போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் என்பதால்தானோ என்னவோ, அவர்கள் வந்து தங்கிய கரையில் அந்தப் பருப்பு இவ்வளவு பெரிய பேர் வாங்கியிருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.

பதில் 2: அளவுக்கோல்

முந்தைய பதிலில் சொல்லப்பட்ட 100 டிகிரி முற்றிலும் சரி. ஆனால், உங்கள் திருகில் 100 என்று வைத்தால் உள்ளே 100 டிகிரிதான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். இரண்டாம் முறை 120இல் வைத்தும் நிறம் ஏறியதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும்.

இவ்வகை அடுப்புகளில் இருப்பது இரட்டை உலோகத் தகட்டுத் தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். அது இருப்பதோ சுவரோரம், உங்கள் தட்டு இருப்பதோ நடுவில். அது துண்டிப்பதற்கும் இணைப்பதற்கும் இடையே சூடு பெரிதாக ஊசலாடும். நான் ஒரு வட்ட முள் வெப்பமானியை என் அடுப்பின் தட்டில் வைத்து, திருகை 120இல் நிறுத்தி, ஒரு மணி நேரம் கண்ணாடிக் கதவின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முள் 105க்கும் 165க்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது. கேக்குக்கு அது பெரிய கேடு செய்வதில்லை. மக்ரூனை 165 டிகிரி ஒருமுறை தொட்டாலே போதும், வெண்மை போய்விடும். ஆகவே, முதலில் ஓர் அடுப்பு வெப்பமானி வாங்குங்கள். திருகின் எண்ணை விட்டுவிட்டு முள்ளை நம்புங்கள்.

இரண்டாவது, கம்பி. கம்பி சிவந்து எரியும்போது, உள்ளே இருக்கும் காற்றின் சூடு எவ்வளவாக இருந்தாலும், அதன் கதிர் நேரே பண்டத்தின் மேல் விழுகிறது. 28 லிட்டர் அடுப்பில் மக்ரூனின் கூர்முனைக்கும் மேல் கம்பிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தால் அதுவே அதிகம். எனவே கீழ்க்கம்பியை மட்டும் போடுங்கள். அதன் கதிர் அடிப்பாகத்தைக் கருக்காமலிருக்க, கீழ்த்தட்டில் ஒரு வெறும் அலுமினியத் தட்டைச் செருகிவிட்டு, மக்ரூன் தட்டை அதற்கு மேல் நடுவில் வையுங்கள். முட்டை வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது ஆவியாகி வெளியேற வழி வேண்டும் என்பதால், முதல் அரை மணி நேரம் கதவில் ஒரு மரக்கரண்டிக் காம்பின் அளவுக்கு இடைவெளி விட்டுவையுங்கள். நீங்கள் சொன்ன பிசின் உள்ளே நின்றுபோன தண்ணீரால் வந்தது.

பதில் 3: பாளை அக்கா

தங்கைக்கு அன்பு வணக்கம். அடுப்பைப் பற்றி இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மூன்றாம் முயற்சி கெட்டது அங்கேதான்.

நுரையின் எதிரி கொழுப்பு. மஞ்சள் கரு ஒரு துளி சிந்தியிருந்தாலும் நுரை முழு வலுப் பெறாது. பிளாஸ்டிக் பாத்திரம் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கை விடாது. எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சம் மூடியால் துடைத்து, ஈரம் போக உலர்த்திப் பயன்படுத்துங்கள். முட்டை குளிர்ந்திருக்கும்போது பிரித்தால் கரு உடையாமல் வரும். அடிக்கும்போது வெள்ளை அறை வெப்பத்திற்கு வந்திருக்க வேண்டும்.

அடுத்து முந்திரி. 100 கிராம் முந்திரியில் ஏறத்தாழ 44 கிராம் கொழுப்பு இருக்கிறது. மிக்ஸியை நீங்கள் தொடர்ந்து ஓடவிட்டால், ஜார் சூடாகி அந்த எண்ணெய் வெளியே வந்துவிடும். தூளை விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள். உருண்டையாகப் பிடிபட்டால் அது நுரையை அமுக்கிவிடும். பருப்பை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, முழுவதும் ஆறவிட்டு, விட்டு விட்டு இரண்டிரண்டு நொடி மட்டும் ஓட்டி, ரவைபோல் வந்ததும் நிறுத்திவிடுங்கள். சலித்த பின்னரே சேர்க்க வேண்டும்.

சர்க்கரை உங்களுக்குக் குறைவாக இருக்கிறது என்பது என் கருத்து. மூன்று முட்டையின் வெள்ளை சுமார் 100 கிராம் வரும். அதற்கு 200 கிராம் சர்க்கரை போட்டால்தான் நுரை கெட்டியாக நிற்கும். இனிப்பு கூடிவிடுமே என்று பலர் குறைக்கிறார்கள். ஆனால் இங்கே சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்ப்பதன்று. குமிழிகளின் சுவரைத் தாங்குவதே அதுதான். வீட்டிலேயே பொடித்து, நுரை பாதி எழும்பியதும் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். இரு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. பீட்டரை உயர்த்தினால் கொக்கின் அலகுபோல் நிற்க வேண்டும். அத்துடன் பீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, முந்திரித் தூளை மூன்று பங்காகத் தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்துக் கலக்குங்கள். பத்துப் பதினைந்து மடிப்புக்கு மேல் வேண்டாம். சில துளி எலுமிச்சைச் சாறு நுரையைக் காக்கும். நிறம் ஏறுவதையும் சற்றுத் தாமதப்படுத்தும்.

பதில் 4: மின்பணியாளர்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். பிளக் சூடாவது இயல்பன்று. தயவுசெய்து அதைச் சரிசெய்யும்வரை அடுப்பைப் போட வேண்டாம்.

1600 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 7 ஆம்பியர் வரும். மின்விசிறியும் செல்போன் சார்ஜரும் மாட்டும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அடுப்புடன் வந்தது பெரிய மூன்று முள் பிளக் என்றால், நீங்கள் அதைக் கன்வெர்ட்டர் வைத்துச் சிறிய சாக்கெட்டில் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேக்குக்கு 40 நிமிடம் ஓடியபோது தப்பித்திருக்கலாம். மக்ரூனுக்காக இரண்டு மணி நேரம் ஓடும்போது அந்த இணைப்பு உருகும் அபாயம் உண்டு. 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் வந்த 16 ஆம்பியர் சாக்கெட்டில், இடையில் எதுவும் இல்லாமல் நேரே மாட்டுங்கள். அடுப்பின் உடல் உலோகம் என்பதால் எர்த் இணைப்பையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மின்கட்டணத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம். கீழ்க்கம்பி மட்டும் என்றால் சுமார் 800 வாட்தான். தெர்மோஸ்டாட் அவ்வப்போது துண்டித்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டைக்கூடத் தொடாது.

முத்துநகர் மகள்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மின்பணியாளர் ஐயா சொன்னதே உண்மை. கன்வெர்ட்டரைக் கழற்றிப் பார்த்தபோது அதன் ஒரு துளை ஓரம் கருத்திருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சமையலறையில் 16 ஆம்பியர் சாக்கெட் போட்ட பிறகே அடுப்பைத் தொட்டேன்.

வெப்பமானி வாங்கி வைத்துப் பார்த்ததில், திருகு 100ஐக் காட்டும்போது என் அடுப்பில் முள் 95 முதல் 135 வரை ஏறி இறங்கியது. முள் 115ஐத் தாண்டும்போதெல்லாம் திருகைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன். 200 கிராம் சர்க்கரை, உடைந்த பருப்பு, எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் அக்கா சொன்னபடியே. நுரை அடங்கவில்லை, தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பிழிந்தபோது முனைகூட அப்படியே நின்றது. ஒன்றரை மணி நேரம் கழித்து நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு நான் எழுவதற்கு முன்பே அம்மா சமையலறையில் இருந்தார்கள். அடுப்புக் கதவு திறந்திருந்தது. வெள்ளையாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. பின்வரிசையில் இருந்தவை தந்த நிறத்தில் இருந்தன. முன்வரிசை வெள்ளை. தட்டில் மூன்று இடம் காலியாக இருந்தது. “முந்திரி இன்னும் கொஞ்சம் சேக்கலாம்” என்றார்கள்.

ஒரே ஒரு குறை: மேசையில் திறந்து வைத்திருந்தவை மதியத்துக்குள் மேற்புறம் பிசுபிசுத்துவிட்டன. இதற்கு என்ன செய்வது?

விறகடுப்புக்காரர் மகன்

அம்மா மூன்று சாப்பிட்டார்கள் என்பதைப் படித்ததும், இதை என் தந்தையிடம் உரக்க வாசித்துக் காட்டினேன், மிகவும் மகிழ்ந்தார்கள். பிசுபிசுப்பு அடுப்பின் குறையன்று. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவேது! ஆறியவுடனே, கை சுடாத பதத்தில், காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி மூடிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். ஏற்கெனவே பிசுபிசுத்தவற்றை 90 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, உள்ளேயே ஆறவிட்டு எடுங்கள். பழைய நிலைக்கு வந்துவிடும். பின்வரிசையில் நிறம் ஏறுவதைத் தவிர்க்க, அடுத்த முறை 45 நிமிடம் ஆனதும் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள் தந்தை. முந்திரியை 175 கிராமாக்கலாம் என்பதும் அவர்கள் சொன்னதே.