பந்தயத் தடத்தில் பிரேக் கைவிட்ட அனுபவங்கள்

(ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

பின்சீட்டு ஹெல்மெட்

இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நான் ஓட்டியது மொத்தமே இரண்டு நாள்கள்தான். இரண்டாம் நாளின் ஐந்தாவது சுற்று இன்னும் என்னை விடவில்லை. வண்டி, முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் கொண்ட சாதாரண ஹேட்ச்பேக். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப்பிடிக்கும் பேட் புதிது, டிஸ்க் புதிது, டயரும் புதிது. நேர்பாதையின் முடிவில், முந்தைய நான்கு சுற்றுகளிலும் மிதித்த அதே இடத்தில் மிதித்தேன். பெடல் எதிர்த்து நிற்கவில்லை. ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் அமிழ்ந்து, கால்விரிப்பின் ரப்பர் மேடுகள் ஷூவுக்கு அடியில் தட்டுப்படும் அளவுக்குக் கீழே போய்விட்டது. மூன்று முறை விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் அழுத்தம் திரும்பியது. கியரைக் குறைத்து, தடத்தை விட்டு மண்ணில் இறங்கி, புழுதிக்குள் நின்றேன். அடி ஏதுமில்லை.

என்னை உறுத்துவது அதுவன்று. தடத்தோரம் வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டுக்கு மெல்ல உருட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் கழித்து, உடன் வந்திருந்த மெக்கானிக் மிதித்துப் பார்த்தபோது பெடல் கல்லைப் போல இருந்தது. “நல்லாத்தானே சார் இருக்கு” என்றார். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்று மாலை, பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அதே பிரேக் ஆயிலோடு, வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லி வழியாக வீடு திரும்பினேன். ஒரு வாரம் கழித்துப் பழைய பில்களைப் புரட்டியபோதுதான், மூன்று ஆண்டுகளில் ஆயில் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்பதும், குறைந்தபோதெல்லாம் மேலே ஊற்றி நிரப்பியதோடு சரி என்பதும் தெரிந்தது.

செட்டிபாளையம் ஞாயிறு

என்னுடையது கோவை, கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர்தான் என்பதால் வண்டிக்குச் சிரமம் இருக்காது என்று நினைத்தேன். சுற்று சிறிதாக இருந்தால் ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் டிஸ்க் ஆறுவதற்கும் நேரம் இருக்காது என்பது பிறகுதான் உறைத்தது. கடைசிச் சுற்றையும் முழு வேகத்தில் முடித்துவிட்டு உள்ளே வந்து, தெரிந்தவர் ஒருவரோடு கண்ணாடியை இறக்கிப் பேசிக்கொண்டே, பிரேக்கை மிதித்தபடி நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்றுகூட நினைவில்லை.

மறுநாள் பல்லடம் சாலையில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கியது. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்ததுபோல், பேடின் வடிவம் அச்சாகக் கருநீலத்தில் டிஸ்க்கின் மேல் பதிந்திருந்தது. வளைவெல்லாம் இல்லை, பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் தடித்து ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேலே எழுதிய நண்பருக்கு ஒன்று. எல்லாப் பழியையும் ஆயிலின்மேல் போடாதீர்கள். ஐந்து சுற்று இடைவிடாமல் விரட்டினால் எந்தப் பேடும் சூடேறிக் கைவிடத்தான் செய்யும்.

நேர்பாதை

இரண்டாவதாக எழுதிய நண்பர் இரண்டு வேறு நோய்களை ஒன்றாகக் குழப்புகிறார். பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பெடல் இறங்காது. விறைப்பாகவே நிற்கும், வண்டிதான் நிற்காது. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரைக்குப் போகும், ஏனென்றால் திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்கிக் கொடுக்கும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடலும் பழைய நிலைக்கு வந்துவிடும். முதல் பதிவில் நடந்தது சந்தேகமில்லாமல் இரண்டாவது.

முதலாவதை நான் அனுபவித்தது கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடத்தில். அங்கே பின்பக்க நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அதன் கோடியில், சாலைக்கான சாதாரண பேடோடு, சுவரை மிதிப்பதுபோல் முழுப் பலத்தையும் கொடுத்து மிதித்தும் வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது; கருகிய நெடி மட்டும் உள்ளே வந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 1,100 கிலோ எடையுள்ள காரை 150 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் கொண்டுவரக் கழிக்கவேண்டிய ஆற்றல் சுமார் 800 கிலோஜூல். காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும் கொஞ்சம் போக மீதியெல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது. 800 கிலோஜூல் இருந்தால் இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். ஒரே ஒரு வளைவுக்கு இவ்வளவு!

ஸ்பேனர் அண்ணன்

என் கதை இரண்டு வரிதான். தடத்துக்குப் போகுமுன் வாடிக்கையாளர் ஒருவரின் வண்டியைச் சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்து, வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருக்கிறது என்று அனுப்பிவைத்தேன். பேடுகளை அழுத்தும் காலிப்பர் சறுக்கி நகர்வதற்கான கம்பி (பின்) இறுகியிருந்ததால் உள்பக்க பேட் இரும்புவரை தேய்ந்திருந்ததை, அவர் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கேட்ட கறகறச் சத்தம்தான் எனக்குச் சொன்னது.

ஆகவே சக்கரத்தைக் கழற்றாமல் பேட் பார்க்காதீர்கள். காலிப்பர் பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸை மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு 155 டிகிரி போதும் என்று அந்த விதியே ஒப்புக்கொள்கிறது. டாட் 5.1-க்கு இந்த எண்கள் 260, 180. பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. கடையில் பாதி திறந்திருக்கும் டப்பாவிலிருந்து ஊற்ற விடவேண்டாம். ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பழைய வண்டியின் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பல வருடங்களாகப் பிஸ்டன் தொடாத பகுதியில் துரு இருந்தால் பிஸ்டனின் ரப்பர் வாஷர் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தடத்துக்குப் போகும் வண்டியில் அந்த எண்ணை நெருங்கும்வரை காத்திருக்கவேண்டாம். கடைசிச் சுற்றை முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி, பிட்டில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்; சூடு ஆறும்வரை கைபிரேக்கை இழுக்காதீர்கள்.

செட்டிபாளையம் ஞாயிறு

பேடைப் பற்றி நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து சுற்று இடைவிடாமல் என்பது அந்த வண்டிக்கு அதிகம்தான்; அதில் மாற்றமில்லை.

பின்சீட்டு ஹெல்மெட்

அதிகம்தான், மறுக்கவில்லை. ஆயிலை மாற்றியாயிற்று, மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஆறவிடவும் பழகிவிட்டேன். ஸ்பேனர் அண்ணா, உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். அன்று அந்த மெக்கானிக்கின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்னை நம்பியிருப்பீர்களா?

ஸ்பேனர் அண்ணன்

ஆறிய பெடலை மிதித்தால் நானும் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன், தம்பி. ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டிருப்பேன்.