புதுப்பிப்பு: மூன்றாவது வேக்குவம் கேஜ் குறைவாகக் காட்டிய சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் பழைய பைக்கில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உண்டு. நான்கையும் ஒரே சீராக வைக்க, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சும் அளவைக் காட்டும் வேக்குவம் கேஜ்களை மாட்டியபோது, மூன்றாவது கேஜ் மட்டும் மற்றவற்றைவிட 3 செ.மீ. பாதரச அளவு குறைவாகவே காட்டுகிறது, முட்களும் நிற்காமல் ஆடுகின்றன என்று கேட்டிருந்தேன்.

எஞ்சினின் வால்வு இடைவெளியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கைகொடுத்தது, "நான்கு கேஜையும் ஒரே சிலிண்டரில் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள்" என்ற யோசனைதான். அப்படி மாட்டியபோதும் அந்த ஒரு கேஜ் மட்டும் குறைவாகவே காட்டியது. ஆக, கோளாறு கார்புரேட்டரில் இல்லை. அந்தக் கேஜின் ரப்பர் குழாய், நிப்பிளில் (குழாய் மாட்டும் சின்னக் குமிழில்) ஏறும் முனையில் கெட்டியாகி, நூல்போல விரிசல் விட்டிருந்தது. அந்த முனையை வெட்டிவிட்டு, ஒரே சிலிண்டரில் மாற்றி மாற்றி மாட்டியதும் நான்கு கேஜும் ஒரே அளவைக் காட்டின.

முள் ஆட்டத்துக்கு, கேஜின் குழாயில் உள்ள குட்டி வால்வை முள் லேசாகத் துடிக்கும் அளவுக்கு மட்டும் மூடினேன். முழுக்க மூடினால் முள் அசையாமல் நிற்கும், ஆனால் அந்த அளவை நம்ப முடியாது.

அப்புறம் கார்புரேட்டர்களை ஒன்றோடொன்று சமப்படுத்தும் ஸ்க்ரூக்களை, முதலில் 1-2 ஜோடி, பிறகு 3-4 ஜோடி, கடைசியாக இரண்டு ஜோடியையும் இணைக்கும் நடு ஸ்க்ரூ என்ற வரிசையில் சரிசெய்தேன். காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால், பைக் நின்றபடி ஓடும்போது சூடேறாமல் இருக்க முன்னால் மின்விசிறி வைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: முன்பு அந்தத் தவறான கேஜை நம்பி ஸ்க்ரூவைத் திருப்பியதில், நன்றாக இருந்த மூன்றாவது கார்புரேட்டரை நானே கலைத்திருக்கிறேன். இப்போது ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 1,100 சுற்றில் சீராக நிற்கிறது.