மறு: மறு: மேட்டுக்கொல்லை போர் வசூல் – அந்த வண்ணப்படம்

பொருளாளர் அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

மேட்டுக்கொல்லையில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட வசூலிக்கும் பணத்தில் என் பங்கை இன்னும் அனுப்பவில்லை. துபாய் மாமா கேட்ட பழைய ரசீதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணக்கை அவரும் அண்ணனும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். என் கவலை போர் போடும் இடத்தைப் பற்றியது.

கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ்ஸை (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) வைத்துத் தம்பி போட்ட வண்ணப்படத்தில் மேட்டுக்கொல்லை பச்சையாக இருக்கிறது. பச்சை என்றால் உப்புக் குறைவு, சிவப்பு என்றால் அதிகம். அதைப் பார்த்துத்தான் அங்கே நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டிவிட்டோம். தம்பியிடம் கோப்பை வாங்கி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், அளந்த கிணறுகளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். மேட்டுக்கொல்லைப் பச்சைக்குள் அளந்த கிணறு ஒன்றுகூட இல்லை. சோதனைக்குத் தண்ணீர் பிடித்தது பெரும்பாலும் தெருவிலும் ஆற்றோரக் கழனியிலும்தான்.

தம்பி எடுத்தது ஐடிடபிள்யூ முறை. படத்தில் அளக்காத ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் சுற்றியுள்ள கிணறுகளை வைத்துச் சராசரி போடும். கிட்ட இருக்கும் கிணற்றுக்கு எடை அதிகம். தூரத்தின் அடுக்கை 2 என்று வைத்தால், இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதற்குக் கால் பங்கு எடைதான். நடுவில் குன்று இருக்கிறதா, தோல் தொழிற்சாலைக் கழிவு எந்தப் பக்கம் இறங்கியது, எதுவும் அதற்குத் தெரியாது. மேட்டுக்கொல்லைக்குக் கிட்ட இருப்பது குன்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் கிணறு. அதன் டிடிஎஸ் 600தான் (லிட்டருக்கு மில்லிகிராம்) குன்றைத் தாண்டிப் பச்சையாகப் பரவியிருக்கிறது. கட்டத்தை 5 மீட்டராகக் குறைத்ததால் படம் மழமழவென்று இருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக ஒரு தகவலும் சேரவில்லை.

சோதித்தும் பார்த்தேன். பிள்ளையார் கோயில் கிணற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற கிணறுகளை வைத்து அங்கே என்ன வரும் என்று கணக்குப் போட்டால் 1700 என்கிறது. அளந்தது 600! தெருக் கிணறுகளுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது, ஏனென்றால் அவை நெருக்கமாக இருக்கின்றன. மேட்டுக்கொல்லையைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை. இன்னொன்று, 30 அடிக் கிணறும் 400 அடி போரும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. நம் பக்கம் பாறை நிலம். ஆழத்தில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும், பக்கத்துப் பக்கத்துப் போரிலேயே ருசி மாறும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் போட வேண்டும்.

படத்தில் ஊரைச் சிவப்பாகக் காட்டியது அவமானம் என்று பெரிய வீட்டு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணா, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கையால் அள்ளிக் குடித்தவர்கள் நாம், அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது. ஆனால் தோல் கழிவைப் பற்றி 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குடிநீருக்கு டிடிஎஸ் 500க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆற்றோரத்துச் சிவப்பு அளந்து வந்த சிவப்பு. நாம் நம்பக் கூடாதது பச்சையைத்தான்.

போர் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். மேட்டுக்கொல்லையில் ஓடும் பம்ப்செட்டுகள் எல்லாவற்றிலும் முதலில் தண்ணீர் பிடிக்கலாம். மோட்டார் சற்று ஓடிய பிறகு பிடித்து, பாட்டில் மேலேயே இடமும் ஆழமும் எழுத வேண்டும். ஆய்வகச் செலவு முழுக்க என்னுடையது. சித்தப்பா கொல்லை மோட்டாருக்கு மட்டும் மாமா யாராவது போய்க் கேளுங்கள். தேர் விஷயத்துக்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை.