ஆய்வேட்டில் பெயர் வராதவர்கள்: சென்னையில் பிஎச்.டி. செய்தவர்களின் அனுபவங்கள்

சென்னையில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. முடித்தவர்களும், முடிக்கப் போராடிக்கொண்டிருப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். கைடு பற்றியும் வைவா பற்றியும் பேசித் தீர்த்துவிட்டோம். 'அவர் மட்டும் இல்லையென்றால் என் ஆய்வேடு முடிந்திருக்காது' என்று சொல்லும்படி வெளி ஆள் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். அவரைப் பற்றி எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

வரலாறு, 2013-ல் பதிவு, 2019-ல் பட்டம்

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். ஏரியை நம்பிப் பயிர் வைக்கும் ஊர். தாத்தா காலத்தில், ஊரே சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போவார்களாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் அதையே தலைப்பாக எடுத்தேன். ஊர் வழக்கமாக இருந்த இந்த வேலையை 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று சட்டமாக்கினார்கள். ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பாதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்று ஆனது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி.

அதற்கான காகிதமெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சிவப்புக் கட்டடம். கைடு கொடுத்த கடிதத்தோடு போய் உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. அட்டவணைத் தொகுதியில் தேடுவேன், எண்ணை எழுதிச் சீட்டுக் கொடுப்பேன், காத்திருப்பேன். வரும் காகிதக் கட்டில் வேறு ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'தெரியவில்லை' என்று கைடிடம் போய் நிற்க வாய் வரவில்லை.

நான்காவது வாரம், கட்டுகளைக் கொண்டுவந்து வைக்கும் பணியாளர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

"தம்பி எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல எழுதுங்க."

எழுதினேன். "இப்படித் தேடினா கிடைக்காது. வெள்ளைக்காரன் உங்க ஊர் போர்டைப் பார்த்தா எழுதினான்? ஆளு சொன்னதைக் காதால கேட்டு எழுதினான். நீங்க வாய்விட்டுப் படிங்க" என்றார்.

கான்ஜீவரம் என்றால் காஞ்சிபுரம், சிங்கில்பட் என்றால் செங்கல்பட்டு என்பது எனக்கும் தெரியும். பெரிய ஊர்களோடு அது நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். 'காரங்கூலி' என்று ஒரு சொல் அட்டவணையில் திரும்பத் திரும்ப வந்தது. ஏதோ கூலிக் கணக்கு என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். அன்று சாயங்காலம் அதை மெல்ல முணுமுணுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை சொல்லும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. கருங்குழி! எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். நான் ஒதுக்கிய பக்கமெல்லாம் எங்கள் பக்கத்து ஏரிகள்.

கட்டை எப்படி அவிழ்ப்பது என்பதையும் அவர்தான் காட்டினார். நாடாவை இழுக்கக் கூடாது, முடிச்சை நகத்தால் தளர்த்த வேண்டும். தாளின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்கி, பக்கத்தில் கவிழ்க்க வேண்டும். விழுந்த துண்டை ஊதித் தள்ளாமல் அதே கட்டில் வைத்துக் கட்ட வேண்டும். "ஆர்டரை மட்டும் படிச்சிட்டு மூடிடாதீங்க. பின்னாடி ஊர்க்காரங்க மனு சேர்த்து வச்சிருப்பான். அதைப் பாருங்க" என்பார். என் மூன்றாவது இயல் முழுக்க அந்த மனுக்கள்தான். கரை உடைந்த ராத்திரி வைக்கோலும் மண்ணும் போட்டு அடைத்தோமே, அதற்கு மேல் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள் என்று கேட்ட மனு ஒன்று இன்றும் எனக்கு மனப்பாடம்.

நான் முடிப்பதற்கு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டைத் தேடிப் போய் ஆய்வேட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. நேராகப் பின்னிணைப்புக்குப் போனார். அங்கே ஊர்ப்பெயர்ப் பட்டியல் போட்டிருந்தேன். இடது பக்கம் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல், வலது பக்கம் இன்றைய பெயர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஓர் இடத்தில் நின்று, "இது அது இல்ல தம்பி" என்றார். ஊருக்கு வந்து விசாரித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

கணிதம், 2019-ல் பதிவு

படித்ததும் எனக்கு எங்கள் மெஸ் அண்ணன் நினைவு வந்துவிட்டது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருந்தேன். ஓர் அறையில் இரண்டு பேர், நடுவில் ஒரு கொடி, அதில் எங்கள் துணிகள். ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய் ஆன வருடம் அது. ஊரில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் என் கணக்கில் ஏழு மாதம் ஒரு பைசா வரவில்லை. போக வேண்டிய சான்று ஒன்று பல்கலைக்கழகத்தில் ஒரு மேசையிலேயே கிடந்திருக்கிறது. வாரம் இரண்டு தடவை போய்க் கேட்பேன். "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள்.

மூன்றாவது மாதம் மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தினேன். ராத்திரிக்குப் பன்னும் வாழைப்பழமும். நான்காம் நாள் அண்ணன் மேன்ஷன் படியேறி என் அறை வாசலுக்கே வந்துவிட்டார். "உடம்பு சரியில்லையா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "காசு இல்லைன்னா சொல்ல வேண்டியதுதானே. கணக்கு எழுதிக்கலாம். எழுந்து வா" என்றார்.

கோடு போட்ட நீள நோட்டில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். காலைக்கு ஒரு புள்ளி, ராத்திரிக்கு ஒரு கோடு. ஏழு மாதப் பணமும் சேர்ந்து வந்த அன்று நோட்டை வாங்கிக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோடே இல்லை. "ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடு நான் எல்லாருக்கும் சும்மா போடுறதுதான்" என்றார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் காசு கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இதே திருவல்லிக்கேணியில்தான் ராமானுஜனும் குடியிருந்தார். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை. 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். காத்திருந்த அந்த மாதங்களில் இதை எத்தனை ராத்திரி நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. நாளைக்கு அரிசிக்கு என்ன வழி என்று யோசிக்கிற தலையில் ஒரு தேற்றமும் ஓடாது. நிர்வாகத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், உங்கள் மேசையில் கிடக்கும் தாளை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அதற்குப் பின்னால் ஒரு ஆள் பட்டினி கிடக்கலாம்.

ஆய்வு மாணவி, இரண்டாம் ஆண்டு

இப்போதைக்கு ஒன்றே ஒன்று. காப்பக அண்ணனுக்கு நன்றி. நான் தஞ்சாவூர் மாவட்டக் கோயில் நிலங்கள் பற்றிச் செய்கிறேன். இரண்டு ஊர்களை ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். நேற்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று பழைய எழுத்துக்கூட்டல்களை உரக்கப் படித்தேன். ஒன்று கிடைத்துவிட்டது.

உயிர்வேதியியல், 2016 முதல் 2023 வரை

பெண்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

2018-ல் நான் ஐந்து மாதக் கர்ப்பம். புரதம் பிரித்தெடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. நான்கு டிகிரி குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். "டிஸ்கன்டினியூ பண்ணிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். துறையிலும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். சரி, விதி அவ்வளவுதான் என்று விலகல் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த உதவியாளர் அம்மா கடிதத்தை வாங்கி முழுதாகப் படித்தார். சீல் போடவில்லை. என் வயிற்றைப் பார்த்தார். "உட்காரும்மா" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டிராயரைத் திறந்து யு.ஜி.சி.யின் 2016 பிஎச்.டி. ஒழுங்குமுறை அச்சுப்பிரதியை எடுத்தார். ஒரு பத்தியில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டிருந்தது. பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு. ஆய்வை முடிக்கக் கொடுத்திருக்கும் அதிகபட்சக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு கூடுதல்.

"இந்த லெட்டரை நான் வாங்கினா உன் ரிஜிஸ்ட்ரேஷன் போயிடும். மறுபடி என்ட்ரன்ஸ் எழுதி முதல்ல இருந்து வரணும். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு லீவ் லெட்டர் எழுதிக் குடு. இங்கேயே உட்கார்ந்து எழுது" என்றார். அவருடைய பேனாவால்தான் எழுதினேன்.

அந்தத் தாள் மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு எடுத்துக் காட்டினாரோ! ஒருவர்கூட அந்த விதியை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அலுவலகத்தில் உள்ளவர்களைப் பற்றி நாம் எல்லோரும் குறை சொல்கிறோம். மேலே கணிதத் தம்பி எழுதியதும் உண்மைதான். ஆனால் அந்த அம்மாவும் அப்படி ஒரு மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் திரும்பி வரும்வரை என் மாதிரிகளை ஜூனியர் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் நின்றுபோன ஒரு ராத்திரி ஆட்டோ பிடித்து வந்து உலர்பனி நிரப்பியிருக்கிறாள். அதை எனக்குச் சொல்லவே இல்லை. லேப் பதிவேட்டில் அவள் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2022-ல் வந்த புதிய ஒழுங்குமுறையிலும் அந்த 240 நாள் இருக்கிறது. அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விலகச் சொன்னால் கடிதம் எழுதுவதற்கு முன்னால் அதை ஒரு தடவை படியுங்கள்.

தமிழ் இலக்கியம், 2021-ல் பட்டம்

எனக்கு அப்படிக் கிடைத்தவர் ஒரு டி.டி.பி. கடை அக்கா. சேப்பாக்கம் பக்கம் ஒரு சந்தில் ஜெராக்ஸ் மிஷினும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் உள்ள கடை. நான் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தேன். ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்றுவதற்காக யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கிறது. 340 பக்கம். கையில் இருந்தது பத்து நாள். அழுதுகொண்டே அந்தக் கடைக்குப் போனேன். "வச்சிட்டுப் போங்க மேடம், பண்ணிடலாம்" என்றார்.

அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மூன்றாம் நாள் போன் வந்தது. "மேடம், 87-ம் பக்கத்துல இந்தப் பாட்டுல தலைவி பேசுறான்னு போட்டிருக்கீங்க. 211-ல தோழி பேசுறான்னு இருக்கு. பாட்டு ஒண்ணுதானே?"

பஸ் பிடித்து ஓடினேன். அவர் சொன்னது சரி. இரண்டு பதிப்புகளில் இரண்டு விதமாகக் கூற்று போட்டிருந்ததை நான் கவனிக்காமல் இரண்டு இயல்களில் எடுத்தாண்டிருந்தேன். நான் படித்தேன், கைடு படித்தார், கூட ஆய்வு செய்த தோழிகள் இருவர் படித்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டேன். "படிக்காம எப்படி மேடம் தட்டறது?" என்றார். பல வருடமாக எங்கள் துறை ஆட்களின் ஆய்வேடுகளைத் தட்டிக்கொடுப்பவர். என் கைடின் ஆய்வேட்டையே தட்டியவர் அவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு, "அப்போ நெசமா யாரு பேசுறது மேடம்?" என்று கேட்டார்.

பாட்டைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அவர் தோழி என்றார். தலைவியாக இருந்தால் ஊர் பேசுவதை இவ்வளவு நிதானமாகச் சொல்ல மாட்டாள் என்பது அவர் கட்சி. நான் தலைவி என்றேன். ஆதார் நகல் எடுக்க ஒருவர் வந்து கவுன்டரைத் தட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டு கருத்தையும் அடிக்குறிப்பில் எழுதினேன். அந்த அடிக்குறிப்பைத் தட்டியதும் அவர்தான்.